கல்லுக்கு அடியில் கரி

அத்தியாயம் 9

சீட்டுக் குலுக்கலில் நிரோஷாவுக்கு 214 வந்தது.

எண்ணைப் பார்த்ததுமே சீட்டை மடித்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். சர்வே நம்பர் 214 என்றால் மல்லன்னபல்லி ஊருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் பருத்தி. அக்கா ரவளி வாழ்க்கைப்பட்ட வீட்டு நிலம்.

போன வாரம் நிரோஷாவை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கதையை நிறுத்தியிருந்தோம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஹனுமகொண்டாவில் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றவள். நில அளவையர் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் கடைச் சாவியை முதலாளி மேஜையில் வைத்துவிட்டு வந்தவள். ஐம்பது நாள் பயிற்சி முடிந்து, இன்று களப் பரீட்சை. லைசென்ஸ் கிடைத்தால் நிரோஷா அளக்கப் போவாள். கிடைக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஜகித்யாலிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தலை குனிந்து உட்காருவாள். அப்பா கொமுரய்யாவோடு போட்ட ஒப்பந்தம் அது. அவரிடம் பேசிப் பேசி அந்த ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்ததே ரவளிதான்.

பஞ்சாயத்து ஆபீஸ் வராண்டாவில் இருபது பேர் சீட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஜோடி ஜோடியாகப் போக வேண்டும். ஒருவர் அளக்கிறவர், இன்னொருவர் கம்பு பிடிக்கிறவர். நாளைக்கு மாற்றிக்கொள்வார்கள். நிரோஷாவுக்கு ஜோடி அஃப்ரோஸ். வாய் ஓயாத பையன், ஆனால் அளக்கிற மிஷின் குறி பார்க்கும் பிரிசம் கம்பைப் பிடித்தால் மட்டக் குமிழி நடுவை விட்டு நகராது.

பயிற்சி கொடுக்கிற விட்டல் சார், அளவு எழுதும் ஃபீல்டு புக்குகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"மொதப் பக்கத்த நெரப்பிட்டுத்தான் வெளிய போகணும். பென்சில் வெச்சிருக்கவங்க இங்கயே குடுத்துருங்க. ரப்பர் யார் பையிலயாவது பாத்தேன்னா, அவங்க வீட்டுக்குப் போலாம்."

ஐம்பது நாளில் ஐநூறு தடவை கேட்ட பாட்டு. ஃபீல்டு புக்கில் பேனா மட்டும்தான். தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு. அடித்தது என்னவென்று அடுத்தவன் படிக்க முடியணும். மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் நேரமும் போடணும். தப்பு பண்ணலாம், மறைக்கக் கூடாது.

முதல் பக்கத்தில் ஆறாவது கேள்வி: நில உரிமையாளருக்கும் அளப்பவருக்கும் உறவு உண்டா?

அஃப்ரோஸ் கையைத் தூக்கினான். "சார், தெரியாம சொந்தக்காரங்க நெலம் வந்துட்டா?"

"உன் சொந்தக்காரங்க இங்க யாருப்பா?"

"சும்மா ஒரு டவுட் சார்."

"வந்தா எழுதிக் குடுத்துட்டுக் கெளம்ப வேண்டியதுதான். மாத்திக் குடுக்க நம்பர் இல்ல. அடுத்த பேட்ச்ல வரலாம்."

"அடுத்த பேட்ச் எப்ப சார்?"

"எனக்கே தெரியாது."

நிரோஷா பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். பின்னாலிருந்து யாரோ "சீக்கிரம், மழை வருது" என்றார்கள்.

'இல்லை' என்று எழுதினாள். மை காயும்வரை ஊதினாள்.

*

வானம் காலையிலிருந்தே முறைத்துக்கொண்டு இருந்தது. மழை வந்தால் மிஷினை மூடிவிட வேண்டும். மிஷினை மூடினால் பரீட்சை போச்சு. அதனால் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

"நிரோஷாம்மா, மெதுவா. நெலம் எங்கயும் ஓடிராது."

"நீ வா பாய்."

"ஊருக்குப் புதுசுன்ன. வழி கேக்காம போற?"

துப்பட்டாவை முகத்தில் இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வெயிலே இல்லை. அஃப்ரோஸ் அதையும் பார்த்தான். இதையும் ஒரு கேள்வியாக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

முழங்கால் உயரப் பருத்தி. மூலையில் இருக்கிற போரிலிருந்து நீல பைப்பு வழியாக வந்த தண்ணீர் நடுவே தொட்டிக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் எங்கே நின்றாலும் மோட்டார் சத்தம் காதில் விழும். ரவளி போனில் பேசும்போதெல்லாம் பின்னால் கேட்கிற சத்தம்.

பாவா மகேந்தர், ரவளி புருஷன், நிலத்தில் இல்லை. மண்டல் டவுனில் யூரியா வரிசையில் நிற்பார். அந்த மட்டும் நிம்மதி.

ஆனால் வரப்பில் குடையோடு ஒருவர் நின்றார். பக்கத்து நிலத்து லச்சய்யா. ஏழு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் திரும்பியவர். வந்த நாளிலிருந்து 'என் நெலம் சுருங்கியிருக்கு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஊரே சிரித்தது. மஸ்கட் பாலைவனத்தைப் பார்த்துப் பார்த்து இவருக்கு எல்லா நிலமும் சின்னதாகத் தெரிகிறது என்றார்கள்.

"அளக்க வந்தீங்களாம்மா?"

"பரீட்சை அளவு தாத்தா."

"பரீட்சையோ என்னமோ. மிஷின் பொய் சொல்லாதில்ல?"

"சொல்லாது."

"அப்ப நான் இங்கயே நிக்கறேன்."

முக்காலியை ஊன்றினாள். கரிசல் மண், நேற்றுப் பெய்த ஈரம். குமிழியை நடுவில் கொண்டுவருவதற்குள் ஒரு கால் அரை அங்குலம் உள்ளே இறங்கும். திரும்பச் சரி செய்தால் அடுத்த கால் இறங்கும். மூன்று கால்களுக்கும் அடியில் தட்டைக் கல் தேடி வைத்தாள். அப்போதுதான் அடங்கியது.

பழைய திப்பன் நகலைக் கிளிப்பில் மாட்டினாள். நிஜாம் காலத்தில் சங்கிலி போட்டு அளந்து வரைந்த வரைபடம். ஒரு சங்கிலி முப்பத்து மூன்று அடி, அதில் பதினாறு அணா. அப்போது போட்ட எல்லைக் கற்கள் 214க்கு நாலு மூலையிலும் இன்னும் நிற்கின்றன. நாலு கல்லையும் அளந்து, திப்பனோடு ஒத்துப் பார்த்து, சுற்றி வந்த அளவு தொடங்கிய இடத்திலேயே முடிகிறதா என்று கணக்கை மூட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

அஃப்ரோஸ் முதல் கல்லில் கம்பை நிறுத்தினான். சரி. இரண்டாவது கல், விரற்கடை வித்தியாசம், சரி. மூன்றாவது, சரி.

நாலாவது கல் வடகிழக்கு மூலை, போருக்குப் பக்கத்தில்.

திப்பனில் மூன்றாவது கல்லிலிருந்து அதற்கு நாலு சங்கிலி பத்து அணா. மீட்டரில் போட்டால் நாற்பத்தாறரை.

மிஷின் நாற்பத்தெட்டு புள்ளி நாலு என்றது.

"பாய், கம்பு நேரா இருக்கா?"

"எங்கம்மா மேல சத்தியமா நேரா இருக்கு."

"திரும்ப புடி."

நாற்பத்தெட்டு புள்ளி நாலு.

மிஷினைக் கழற்றி, மூன்றாவது கல்லுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திரும்பப் பார்த்தாள். பிரிசம் மாற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாற்பத்தெட்டு புள்ளி நாலு.

அஃப்ரோஸ் பக்கத்தில் வந்து திப்பன் நகலை எட்டிப் பார்த்து, விரல் விட்டு எண்ணினான்.

"சரியா மூணு அணா கூட வருது. எங்க தாதா காலத்துல மூணு அணாவுக்கு வயிறு நெறைய பிரியாணி கெடைக்குமாம். இங்க ஒரு போரே கெடைக்குது போல."

நிரோஷா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று அணா என்றால் ஆறடிக்கும் மேல். கல்லுக்கும் போர் பைப்புக்கும் நடுவே மூன்றடிதான் இருக்கும்.

கல் நிற்கிற இடம் தப்பு என்றால், போர் லச்சய்யா நிலத்தில் இருக்கிறது.

"என்னம்மா சொல்லுது மிஷின்?" குடை கிட்டே வந்துவிட்டது.

"இன்னும் முடியல தாத்தா."

"முகத்தப் பாத்தா முடிஞ்ச மாதிரி இருக்கு."

*

"ஏய் நிரோ."

பருத்திக்கு நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரவளி ஓடி வந்தாள். கையில் தூக்குவாளி. பின்னால் வரப்பில் ஹீரோ ஹோண்டாவை நிறுத்திக்கொண்டிருந்தார் அப்பா. பெண்கள் இருவருக்கும் அவர் 'பாபு'.

"நம்ம நெலத்துலயே பரீட்சையாமே. பஞ்சாயத்துல சொன்னாங்க. அப்பறம்தான் பாபுவும் வந்தாரு. வீட்டுல இருப்பு கொள்ளலயாம். எங்க மாமியா இன்னைக்குத் தானா சோள ரொட்டி தட்டிக் குடுத்தாங்க, நம்புவியா? எதுக்கு இப்படி மூஞ்சிய மூடிட்டு நிக்கற, கொள்ளைக்காரி மாதிரி?"

துப்பட்டாவைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

லச்சய்யா நிரோஷாவின் முகத்தைப் பார்த்தார். ரவளியின் முகத்தைப் பார்த்தார். ஒரே மூக்கு.

"ஓ. மகேந்தர் மச்சினியா?"

மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப எதுக்கும்மா இவ்ளோ தூரம் மிஷின தூக்கிட்டு வந்த? வீட்டுலயே உக்காந்து எழுதிருக்கலாமே." அவர் குரல் உயரவில்லை. குடையை மடக்கினார். "ரெண்டு வருஷமா ஊரு சிரிக்குது. இன்னைக்கு அளக்கறாங்கன்னதும் காலைல டீ கூடக் குடிக்காம வந்தேன்."

அஃப்ரோஸ் நிரோஷாவைப் பார்த்தான். அவளிடமிருந்து ஃபீல்டு புக்கை வாங்கி, முதல் பக்கத்தைத் திருப்பி, ஆறாவது வரியைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னையும் சேத்து மாட்டி விட்டுட்ட" என்றான் மெதுவாக. "அடியில கம்பு புடிச்சவன்னு என் கையெழுத்தும் வரும். தெரியும்ல?"

"தெரியும் பாய்."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

"காலைல தெரியல. இப்பத் தெரியுது."

எதையாவது செய்தே ஆக வேண்டும் போலிருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வடகிழக்கு மூலைக்கு நடந்தாள்.

"என்ன பண்ணப் போற?" என்றாள் ரவளி.

"கல்லுக்கு அடியில பாக்கணும்."

"அங்க என்ன இருக்கு?"

"இருந்தா சொல்றேன்."

அந்தக் காலத்து அளவையர்கள் விவரமானவர்கள். கல்லை நகர்த்திவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கல் நடும் குழியில் முதலில் இரண்டு கை அடுப்புக்கரியும் உடைந்த பானை ஓடும் போட்டு, அதன் மேல் கல்லை நிறுத்தினார்கள். கல்லைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் கரியையும் பொறுக்கிக்கொண்டு போக மாட்டான். கரி நூறு வருஷமானாலும் மக்காது. இந்தப் பாடத்தைக் கேட்ட அன்றைக்கு நிரோஷா ரவளிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசியிருந்தாள். ரவளி 'சரி, சரி, அடுப்புல பால் பொங்குது' என்று வைத்துவிட்டாள்.

கல் அசையாமல் பக்கவாட்டில் தோண்டினாள். ஒரு முழம். ஒன்றரை முழம். கையை விட்டுத் துழாவினாள். வெறும் மண்.

நிமிர்ந்தபோது எதிரில் அப்பா நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"போதும். மூடிரு."

"பாபு, இது பரீட்சை."

"மூடுன்னு சொல்றேன்ல."

"ஏன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். ரவளி தொட்டிப் பக்கத்தில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தாள். லச்சய்யா தூரத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சத்தத்தில் எதுவும் அவர்களுக்குக் கேட்காது.

"ஒங்கக்கா கல்யாணமான மொத கோடை" என்றார். "இந்தக் காட்ட நான்தான் ட்ராக்டர்ல உழுதேன். போருக்கு எடம் பாக்க தேங்காய்க்காரன கூட்டிட்டு வந்தாங்க. உள்ளங்கையில தேங்காய வெச்சுட்டு நடந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் போனதும் தேங்கா எந்திரிச்சு நின்னுச்சு. நம்ம மண்ணுல எங்கயும் எந்திரிக்கல. மூணு தடவ நடக்க விட்டாங்க. மூணு தடவயும் அங்கயேதான்."

"அந்தப் பக்கம்னா?"

"ரெண்டே எட்டு. ஒங்கக்கா மாமியா அவளப் பாத்தாங்க. வந்து ரெண்டு மாசம் ஆகல. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. பாத்தாங்க. அவ்ளோதான். சாயங்காலம் கடைசிச் சால் ஓட்டறப்ப கலப்பை தட்டிக் கல்லு சாஞ்சுது. நானே எறங்கி நட்டேன்."

"எங்க நட்டீங்க?"

கொமுரய்யா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அங்கே வியர்வை இல்லை.

"லச்சய்யா மஸ்கட்ல இருந்தாரு. நெலம் தரிசா கெடந்துச்சு. கேக்க ஆள் இல்ல. மறுநாள் போர் போட்டாங்க. ரெண்டு இஞ்சுத் தண்ணி. அன்னைலேர்ந்து அந்த வீட்டுல ஒங்கக்காள யாரும் ஒரு சொல்லு சொன்னதில்ல. கால் வெச்சதும் கங்கம்மா வந்துட்டான்னு ஊரெல்லாம் பேச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. ஒங்கம்மாவுக்கும் தெரியாது."

"எனக்கு மட்டும் எதுக்கு இப்ப சொல்றீங்க?"

"நீ தோண்டிட்டியே."

அவள் திப்பன் நகலைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். மேலே மேகம் இன்னும் கருத்தது.

"ஒன் லைசென்ஸும் கெடக் கூடாது, அவ வீடும் கெடக் கூடாது" என்றார் அப்பா. "நீ படிச்சவ. பாத்து எழுது."

*

திப்பன் சொன்ன அளவில், நாலு சங்கிலி பத்து அணாவில், அஃப்ரோஸைக் கம்பு பிடிக்கச் சொன்னாள். "இடது. இன்னும் இடது. போதும். கொஞ்சம் வலது. நில்லு."

கம்பின் முனை நின்ற இடம் போர் பைப்புக்கு இந்தப் பக்கம், கரும்பச்சையாகப் பருத்தி தழைத்திருந்த இடம்.

இரண்டு செடிகளைக் கையால் விலக்கிவிட்டுத் தோண்டினாள். அஃப்ரோஸும் குனிந்து மண்ணை அள்ளினான். ஒன்றரை முழத்தில் கடப்பாரை ஓட்டில் பட்டு நறுக்கென்றது. சிவப்பாக ஒரு பானைத் துண்டு. அதற்குக் கீழே கருப்பாக ஒரு கட்டி.

கரிசல் மண்ணில் கருப்புக் கட்டி. மண்ணாகவும் இருக்கலாம்.

நிரோஷா அதைத் தண்ணீர் பாட்டிலில் கழுவினாள். பிரிசம் கம்பில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கும். வெள்ளைப் பட்டையில் கட்டியை வைத்து இழுத்தாள்.

கோடு விழுந்தது. கன்னங்கரேலென்று, நேராக.

மண் கோடு போடாது.

லச்சய்யா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியிலும் கோடு விழுந்தது. போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

ரவளி அவள் முழங்கையைப் பிடித்து மிஷின் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன நடக்குது? ஏன் அந்தாளு அப்படி ஒக்காந்திருக்காரு?"

"கல்லு நகந்திருக்கு அக்கா."

"எவ்ளோ?"

"மூணு அணா. ஆறடி."

ரவளி போரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். வீட்டில் பால் கணக்கெல்லாம் மனதிலேயே போடுகிறவள். ஆறடியைப் போட்டுப் பார்க்க அவளுக்கு நேரமாகவில்லை.

"சரி" என்றாள். "நீதான சொன்ன, கணக்கு மூடலன்னா வித்தியாசத்த நாலு பக்கத்துக்கும் பிரிச்சுப் போட்டுருவோம்னு. போடு."

"அது விரக்கடை வித்தியாசத்துக்கு அக்கா. மிஷினோட கை நடுக்கத்துக்கு."

"நாலு பக்கம் இருக்குல்ல. ஆறடிய நாலாப் பிரிச்சா ஒன்றரை அடி. ஒன்றரை அடி யார் கண்ணுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"ஆமா, ஒனக்குத் தெரியும். ஒனக்கு எல்லாம் தெரியும்." ரவளியின் குரல் உடைந்தது, உடனே சரியானது. "அந்த வீட்டுல என் பேரு என்ன தெரியுமா? தண்ணி வந்த வருஷத்து மருமக. ஆறு வருஷமா ஒரு கொழந்த இல்ல. யாராவது வாயத் தொறக்கறாங்களா? ஏன்? தண்ணி வந்துச்சு. நாளைக்குத் தண்ணியும் நம்மது இல்லன்னா நான் அந்த வீட்டுல யாருடி?"

அப்பா வரப்பில் கைகட்டி நிற்பது ரவளியின் தோளுக்கு மேலாகத் தெரிந்தது.

"ஒனக்காக பாபு கால்ல விழுந்தேன்" என்றாள் ரவளி. "அளக்கப் போறேன்னு நீ சொன்னப்ப வீட்டுல யார் உன் பக்கம் நின்னா?"

"நீ மட்டும்தான்."

"அப்ப?"

நிரோஷா ஃபீல்டு புக்கைத் திறந்தாள். நாலாவது கல்லுக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வைத்தாள். எடுத்தாள்.

48.40 என்று எழுதினாள். பக்கத்தில்: கல் இடம் மாறியுள்ளது. கரி 46.52இல் கிடைத்தது.

ரவளி தங்கையின் முழங்கையை விட்டாள். தொட்டிக்குப் போய் மோட்டார் பெட்டிப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். ரொட்டி திறந்தபடியே கிடந்தது.

*

விட்டல் சார் மூன்றே காலுக்கு பைக்கில் வந்தார். மழைக்கு முன்னால் எல்லா ஜோடியையும் பார்த்துவிட வேண்டிய அவசரம். வந்ததும் குழியைப் பார்த்தார், கம்பில் இருந்த கோட்டைப் பார்த்தார். புக்கை வாங்கிப் புரட்டினார்.

"நல்லா பண்ணிருக்க. இந்தப் பேட்ச்ல கரிவரைக்கும் போனவ நீதான். மத்தவனெல்லாம் கல்லப் பாத்துட்டு சல்யூட் அடிச்சுட்டு வந்துட்டான்." பேனாவை எடுத்தார். "கையெழுத்து போட்டுரவா?"

லச்சய்யா எழுந்து வந்திருந்தார். மச்சினி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. குடைக்காம்பைத் திருகிக்கொண்டு நின்றார். கரி அவர் பக்கம். இனி அவருக்கு எதற்கு வம்பு?

அஃப்ரோஸ் வானத்தைப் பார்த்தான்.

யாரும் சொல்லப் போவதில்லை. அப்பா சொல்ல மாட்டார், அக்கா சொல்ல மாட்டாள். சார் கையெழுத்து போட்டால் லைசென்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஜகித்யால்காரர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

"ஒரு நிமிஷம் சார்."

புக்கை அவர் கையிலிருந்து எடுத்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். ஆறாவது கேள்வியில் 'இல்லை'க்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஒரே கோடு. உள்ளே இருப்பதைப் படிக்க முடிந்தது. அதற்கு மேல் எழுதினாள்: ஆம். அக்கா வீடு. பக்கத்தில் கையெழுத்து. நேரம் 3.20.

விட்டல் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"காலைலயே எழுதிருந்தா அடுத்த பேட்ச்."

"ஆமா சார்."

"இப்ப எழுதினாலும் அடுத்த பேட்ச்தான். அது வர்றதா இருந்தா. பொய் எழுதினதுக்கு அதுலயாவது சேப்பாங்களான்னும் எனக்குத் தெரியாது."

"ஆமா சார்."

"நான் கையெழுத்து போடப் போனேன். பாத்தல்ல?"

"பாத்தேன் சார்."

"அப்பறம் எதுக்கும்மா?"

"இந்தத் தாத்தா காலைலேர்ந்து டீ குடிக்கல சார்" என்றாள். "நாளைக்கு யாராவது வந்து, மச்சினி அளந்தது செல்லாது, அந்தக் கரியும் அவளே போட்டதுன்னு சொல்லக் கூடாது."

லச்சய்யா திருகுவதை நிறுத்தினார்.

சார் புக்கை மூடினார். பிறகு அஃப்ரோஸைக் கூப்பிட்டார்.

"கம்பு புடிச்சது நீதான?"

"ஆமா சார்."

"இப்ப நீ மிஷின்ல நில்லு. நாலாவது கல்ல நீ பாரு, கம்ப நான் புடிக்கறேன். அவ அளவு செல்லாது. கரிக்கு யாரும் சொந்தம் இல்ல."

அஃப்ரோஸ் மிஷினுக்குப் போனான். போகிற வழியில் நிரோஷாவிடம், "ஒழுங்கா அடுத்த பேட்ச்ல வந்து சேரு. வேற யார் கூடயும் என்னால கம்பு புடிக்க முடியாது" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் முக்காலிக்கு அடியில் வைத்த தட்டைக் கற்களைச் சரியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தாள்.

அஃப்ரோஸும் நாற்பத்தெட்டு புள்ளி நாலு என்றான். சார் புக்கில் புதுப் பக்கம் திருப்பி எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்.

"கல் இடம் மாறியிருந்தால் காரணம்னு ஒரு வரி இருக்கு. என்ன போடலாம்? வெள்ளமா, உழவா, இல்ல வேணும்னே யாராவதா? தெரியலன்னா தெரியலன்னே போட்டுக்கலாம்."

நிரோஷா தரையைப் பார்த்தாள். இந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அவள் இல்லை.

முதல் துளி ஃபீல்டு புக்கில் விழுந்தது. சார் உள்ளங்கையால் மூடினார். "சீக்கிரம். தெரியல, அதான?"

வரப்பில் நின்றிருந்த கொமுரய்யா கைகட்டை அவிழ்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பருத்திச் செடிகள் முழங்காலில் உரச, நடந்து வந்தார். மெதுவாகத்தான் வந்தார். ஆனால் நிற்கவில்லை.

ரவளி அவர் போவதைப் பார்த்தாள். என்னவோ புரியாமல் கையை நீட்டி மோட்டாரை நிறுத்தினாள். காலையிலிருந்து ஓடிய சத்தம் நின்றது. பைப்பிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

கொமுரய்யா சாருக்கு முன்னால் வந்து நின்றார். லச்சய்யாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நிரோஷாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் எங்க கையெழுத்து போடணும் சார்?"

விட்டல் சார் பேனாவை நீட்டவில்லை. பின்னால் பருத்திக்கு நடுவிலிருந்து ரவளியின் குரல் வந்தது. சத்தமே இல்லாத காட்டில் அது எல்லாருக்கும் கேட்டது.

"பாபு, நீங்க எதுக்குக் கையெழுத்து போடறீங்க?"